எஸ்.எஃப்.ஏ. எங்கே செய்வது? யாழ் நகரத்து மூன்று ஆய்வுகூடங்கள் பற்றிய மதிப்பீடு

கலியாணம் முடிந்து ஒரு வருடமாகியும் பிள்ளை தங்கவில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் முதலில் ஆஸ்பத்திரிப் படி ஏறுவது மனைவிதான். ஸ்கான், ஹோர்மோன் சோதனை, குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்றே, முட்டை வளரக் கொடுக்கும் லெட்ரோசோல் குளிசை என்று அவர் ஏழெட்டு மாதம் அலைந்த பிறகுதான் "அவரையும் ஒருக்கா பாப்பம்" என்ற கதை வரும். பிள்ளை கிடைக்காத தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. அதைக் கண்டறியும் முதல் சோதனை விந்துப் பரிசோதனை; அதற்கு ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. அதைக் கடைசிக்குத் தள்ளுவதற்கு மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஒரு வருடம் பார்த்திருக்கவும் தேவையில்லை. ஆறு மாதத்தோடு இருவரும் ஒன்றாகப் போய்க் காட்டவேண்டும்.

அந்த விந்துப் பரிசோதனைக்கு இங்கே டொக்டர்மாரும் லாப்காரரும் சொல்லும் பெயர் எஸ்.எஃப்.ஏ. நகருக்குள் அதைச் செய்யும் மூன்று தனியார் ஆய்வுகூடங்களை இங்கே ஒப்பிடுகிறோம். பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். இந்தச் சோதனை இயந்திரத்தின் வேலையல்ல, நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருப்பவரின் வேலை. அவர் மாறினால் இடத்தின் தரமும் மாறும். எதைப் பார்த்து மதிப்பிட்டோம் என்பதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் எந்தக் கவுண்டரிலும் அதே கேள்விகளைக் கேட்கலாம்.

முடிவை முதலே சொல்கிறோம். மூன்றிலும் சின்னதாக, பழசாகத் தெரியும் மூன்றாவது இடம்தான் நம்பத்தக்கது. முதலாவது இடம் ஏசி, திரை, போனுக்கு வரும் ரிப்போட் என்று வடிவாக இருந்தாலும் இந்தச் சோதனைக்கு மட்டும் அங்கே போகவேண்டாம்.

முதல் ஒரு மணித்தியாலம்

விந்து வெளியான நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முதலில் கட்டியாக இருப்பது 15 முதல் 30 நிமிடத்துக்குள் இளகும்; 60 நிமிடத்துக்கு மேல் இளகாவிட்டால் அதையும் ரிப்போட்டில் எழுதவேண்டும். அசைவை 30 நிமிடமளவில், பிந்தினால் 60 நிமிடத்துக்குள், பார்த்துவிடவேண்டும். அதற்குப் பிறகு நீந்தும் விந்தணுக்கள் சோர்ந்துவிடும். சோர்ந்ததைப் பார்த்து எழுதிய இலக்கம் அந்த ஆணின் இலக்கம் அல்ல, அந்தப் பயணத்தின் இலக்கம்.

முதலாவது இடம் இதில்தான் விழுகிறது. அங்கே மாதிரி எடுக்கத் தனி அறை கிடையாது. மற்ற நோயாளர் சலம் எடுக்கப் போகும் அதே கழிவறையைக் காட்டுகிறார்கள். வெளியே கதவைத் தட்டுகிறார்கள். அல்லது போத்தலைக் கையில் தந்து "வீட்டில எடுத்துக்கொண்டு வாங்கோ" என்கிறார்கள். நல்லூரிலோ கொக்குவிலிலோ இருப்பவருக்கு அது சரிவரும். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வருபவருக்கு வழியிலேயே மணித்தியாலம் முடிந்துவிடும். நெடுந்தீவுக்காரருக்குக் குறிகட்டுவானில் இறங்கும்போதே முடிந்துவிடும். வந்து கொடுத்தால், எத்தனை மணிக்கு எடுத்தது என்று கவுண்டரில் ஒருவரும் கேட்பதில்லை. இரத்தப் போத்தல்களோடு தட்டில் வரிசையில் வைக்கிறார்கள்.

வீட்டில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் போத்தலை உடம்போடு ஒட்டி, சேட்டுக்குள் அல்லது இடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு வாருங்கள். 20 பாகைக்குக் கீழேயும் 37 பாகைக்கு மேலேயும் போகக்கூடாது. சித்திரை வெயிலில் மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு அடியில் இருக்கும் பெட்டி இதை அவித்துவிடும். ஐஸ் போட்ட பையும் அதேயளவு கேடு.

இரண்டாவது இடத்தில் அறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஆனால் சாவியைத் தரும்போது முழுப்பெயரையும் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். இருபது பேர் காத்திருக்கும் கூடத்தில், அதில் ஒருவராவது ஊர்க்காரராக இருக்கும் நகரத்தில், இது சின்ன விசயம் அல்ல. அந்த ஒரு கூப்பாட்டுக்குப் பயந்து சோதனையே செய்யாமல் வருடக்கணக்காக இருக்கும் ஆண்கள் உண்டு. ரிப்போட்டையும் "அவரின்ர தம்பி" என்று சொல்லி யாரும் வாங்கிவிடலாம். பணம் கட்டிய துண்டு இல்லாமல் ஒருவரிடமும் கொடுக்கவேண்டாம் என்று பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது இடத்தில் பெயருக்குப் பதிலாக இலக்கம். அறை சின்னது, உள்ளே தாழ்ப்பாள், கைகழுவும் தொட்டி, நேரம் எழுதுவதற்கு மணிக்கூடு, இரண்டு கதிரை. இரண்டாவது கதிரை ஏன் என்றால், மனைவியும் கூட வரலாம். உள்ளே போவதற்கு முன் ஒரு தாளில் நாலு கேள்வி: கடைசியாக விந்து வெளியாகி எத்தனை நாள்? மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்ததா? என்ன மருந்து பாவிக்கிறீர்கள்? மாதிரி முழுவதும் போத்தலுக்குள் விழுந்ததா? இந்த நாலையும் கேட்காத இடம் தரும் ரிப்போட்டை எந்த டொக்டராலும் சரியாக வாசிக்க முடியாது.

நாலாவது கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லவேண்டும். அணுக்கள் கூடுதலாக இருப்பது முதலில் வரும் பகுதியில். அது வெளியே சிந்திவிட்டால் 40 மில்லியன் இருப்பவருக்கும் பத்து என்று வரும். சிந்தினால் சொல்லிவிட்டு இன்னொரு நாள் வருவதே நல்லது.

நாள் கணக்கு

இடைவெளி குறைந்தது 2 நாள், கூடியது 7 நாள். இரண்டு சோதனைக்கும் ஒரே இடைவெளியாக இருந்தால் ஒப்பிட வசதி. ஏழுக்கு மேல் போனால் அளவும் எண்ணிக்கையும் கூடும், அசைவு குறையும். யாழ்ப்பாணத்தில் இது எங்கே பிசகுகிறது என்றால், நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு சோதனைக்கு வருவதில். இருபத்தைந்து நாள் விரதமாக இருந்துவிட்டு அடுத்த நாள் கொடுத்த மாதிரியில் "அசைவு குறைவு" என்று வந்தால் ஆச்சரியம் இல்லை. விரதத்தைக் குறை சொல்லவில்லை. சோதனையை அதற்குப் பிறகு ஒரு முறை சேர்ந்திருந்து, மூன்று நாள் விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலும் அப்படித்தான். ஓர் அணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் பிடிக்கும். வெளியே வர இன்னும் சில நாள். மாரிமழையோடு டெங்கு வந்து, உடம்பு நெருப்பாகக் கொதித்தவருக்கு அதன் அடி இரண்டு மூன்று மாதத்துக்குத் தெரியும். மார்கழியில் டெங்கு வந்தவர் தையில் சோதித்துப் பயப்படத் தேவையில்லை. பங்குனி கடந்து பார்க்கலாம். முதல் ரிப்போட் பிழையாக வந்தால் மூன்று மாதம் கழித்து, அதே ஆய்வுகூடத்தில், இரண்டாவது ஒன்று செய்யவேண்டும். ஒரேயொரு தாளை வைத்து ஒரு ஆணுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஒரே ஆளின் இலக்கமே வாரத்துக்கு வாரம் நன்றாக ஏறி இறங்கும்.

ரிப்போட்டை வைத்து ஆய்வுகூடத்தை எடைபோடுதல்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேட்டின் ஆறாம் பதிப்பு 2021 இல் வந்தது. அதன்படி கீழ் எல்லைகள்: அளவு 1.4 மி.லீ., செறிவு மி.லீ.க்கு 16 மில்லியன், மொத்த எண்ணிக்கை 39 மில்லியன், மொத்த அசைவு 42 வீதம், முன்னோக்கி நீந்துபவை 30 வீதம், உயிரோடு இருப்பவை 54 வீதம், சரியான வடிவம் 4 வீதம். பன்னிரண்டு மாதத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசைப்படுத்தி, அடியில் இருக்கும் 5 வீதத்தினர் நிற்கும் இடத்தில் கீறிய கோடு இது. அதற்குக் கீழே இருந்து தகப்பன் ஆனவர்களும் அந்த வரிசையிலேயே இருக்கிறார்கள்.

இரண்டாவது இடத்தின் ரிப்போட் இன்னும் 1999 ஆம் ஆண்டுக் கையேட்டின் 20 மில்லியனையே எல்லையாக அச்சிடுகிறது. 18 மில்லியன் உள்ளவருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழுகிறது. அதைவிடப் பெரிய குறை வடிவம் பற்றிய வரி: "சரியானவை 80 வீதம்". கண்டிப்பான முறையில் சாயமூட்டி எண்ணினால் பிள்ளை பெற்ற ஆண்களிடம்கூட அந்தளவு வராது. எண்பது என்று எழுதியிருந்தால் அங்கே சாயமூட்டி எண்ணவில்லை, கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அசைவு எப்போதும் 50, 60, 70 என்று முழு எண்ணாக வருவதும் அதே அடையாளம். எண்ணுகிறவர் ஒரு தடவைக்கு 200 அணுவாக இரண்டு தடவை எண்ணி ஒப்பிடவேண்டும். அப்படி எண்ணினால் 37, 43 என்று வரும்.

"அசைவற்றவை" என்று எழுதவேண்டிய இடத்தில் "இறந்தவை" என்று எழுதுவதும் அங்கே வழக்கம். அசையாதது எல்லாம் இறந்தது அல்ல. சாயம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அசையாமல் உயிரோடு இருக்கும் அணுவைக்கொண்டு இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்யலாம் என்பதால் இந்த ஒரு சொல் சிகிச்சையையே மாற்றிவிடும்.

"சீழ் அணுக்கள்" வரியைப் பார்த்ததும் இரண்டு கிழமைக்கு அன்ரிபயோட்டிக் எழுதுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. முதிராத விந்தணுவும் வெள்ளணுவும் சாதாரண பார்வைக்கு ஒரே வட்டமாகத்தான் தெரியும். வெள்ளணுவைப் பிரித்துக் காட்டும் பெரொக்சிடேஸ் சாயம் போட்டு, வெள்ளணு மி.லீ.க்கு 1 மில்லியனுக்கு மேல் என்று கண்டால்தான் தொற்றைத் தேடவேண்டும். மூன்றில் மூன்றாவது இடம் மட்டும் கேட்டால் அந்தச் சாயத்தைப் போடுகிறது.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. அளவு, செறிவு, முன்னோக்கிய அசைவு மூன்றையும் பெருக்குங்கள். ஒருவருக்கு 3 மி.லீ., 14 மில்லியன், 40 வீதம்: நீந்தும் அணுக்கள் 16.8 மில்லியன். இன்னொருவருக்கு 1 மி.லீ., 22 மில்லியன், 25 வீதம்: 5.5 மில்லியன் மட்டுமே. செறிவை மட்டும் பார்த்தால் முதலாமவருக்குச் சிவப்புக் குறி, இரண்டாமவருக்கு "நோர்மல்". உண்மையில் கூடுதல் உதவி தேவைப்படுவது இரண்டாமவருக்கு. இந்த எண் பத்து மில்லியனுக்கு மேல் இருந்தால் கழுவிய விந்தைக் கருப்பைக்குள் வைக்கும் ஐ.யு.ஐ. முயல்வதில் பொருள் உண்டு. ஐந்துக்குக் கீழே போகப் போக அதில் காசும் மாதமும் வீணாகும். ஒன்றுக்குக் கீழே என்றால் பேச்சு நேரடியாக இக்சிக்கே போகும். எந்த முடிவிலும் மனைவியின் வயதையும் குழாய்களையும் சேர்த்தே டொக்டர் பார்ப்பார்.

"ஒன்றும் இல்லை" என்று வந்தால்

ரிப்போட்டில் ஓர் அணுகூட இல்லை என்று வரும் நாள் பொல்லாத நாள். மூன்றாவது இடத்தில் அந்த ரிப்போட்டைக் கவுண்டரில் நீட்டுவதில்லை. உள்ளே இருத்தி, கதவைச் சாத்தி, இரண்டாவது மாதிரி கொடுக்கும்வரை இது முடிவல்ல என்று சொல்லித் தருகிறார்கள். மற்ற இரண்டிலும் மடித்த தாள்தான். அந்தத் தாளோடு தனியே மோட்டார்சைக்கிள் ஓடி வீட்டுக்குப் போகவேண்டாம். ரிப்போட் எடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து போங்கள்.

முதலில் கேட்கவேண்டியது: மாதிரியைச் சுழற்றிப் பார்த்தார்களா? 3000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி அடியில் படிந்ததைத் தேடாமல் "இல்லை" என்று எழுதக்கூடாது. அங்கே நாலைந்து அணு கிடைத்தாலும் பாதை வேறு. அதன் பிறகு வருவது விதையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹோர்மோன், காலையில் எடுத்த ஆண் ஹோர்மோனான டெஸ்டொஸ்டெரோன், டொக்டர் கையால் விதைகளின் அளவைப் பார்ப்பது. விந்தின் அளவு மிகக் குறைந்து, புளிப்புத்தன்மை கூடி, அதில் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லை என்றால் அடைப்பையோ, பிறவியிலேயே குழாய் இல்லாததையோ சந்தேகிப்பார்கள். உள்ளே உற்பத்தி நடந்துகொண்டிருக்கும், ஊசியால் எடுத்து இக்சி செய்யலாம். எஃப்.எஸ்.எச். உயர்ந்து விதைகள் சிறுத்திருந்தால் உற்பத்தியில் குறை. அப்போது நிறமூர்த்தச் சோதனையும் வை நிறமூர்த்தத்தில் துண்டு குறைந்திருக்கிறதா என்ற சோதனையும் சத்திரசிகிச்சைக்கு முன்பே வேண்டும். அந்த வை நிறமூர்த்தத்தின் ஏ அல்லது பி எனப்படும் பகுதி முழுதாக இல்லாதவருக்கு வெட்டித் தேடியும் அணு கிடைப்பதில்லை. சி பகுதி என்றால் கிடைக்க இடமுண்டு. இந்த இரத்தச் சோதனையைச் செய்யாமல் நேரே சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் இடத்தில் எழும்பி வந்துவிடலாம்.

நீரிழிவு பல வருடம் உள்ளவரிடம் விந்து வெளியே வராமல் பின்பக்கமாகச் சலப்பைக்குள் போவதும் உண்டு. உடனே எடுத்த சலத்தைச் சோதித்தால் தெரியும்.

விதைப்பையில் இரத்த நாளம் புடைத்திருக்கும் வரிக்கோசீல் பற்றியும் ஒரு சொல். கையால் தொட்டு உணரக்கூடியதாக இருந்து, விந்து ரிப்போட்டும் குறைவாக இருந்தால் சத்திரசிகிச்சை பயன் தரும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். ஸ்கானில் மட்டும் தெரிந்ததற்கு வெட்டத் தேவையில்லை.

வாங்கக்கூடாதவை

ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டொஸ்டெரோன் ஊசி, மூளையிலிருந்து விதைக்கு வரும் கட்டளையை நிறுத்திவிடும். எண்ணிக்கை பூச்சியத்துக்கே போகலாம். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். "ஆண்மை கூடும்" என்று யாராவது இதே ஊசியைப் பிள்ளை வேண்டும் என்பவருக்குப் போட வந்தால் கையை நீட்டவேண்டாம். மருந்துக்கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் துத்தநாகக் குளிசைகளுக்கும் காசைக் கொட்டவேண்டாம். 2020 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 2,370 தம்பதியர் சேர்ந்தார்கள். ஆணுக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தும் பிள்ளை பிறக்கும் வீதம் கூடவில்லை. சிகரெட்டையும் புகையிலை போட்ட வெற்றிலையையும் விடுவதற்குக் காசு ஒன்றும் வேண்டாம். வெங்காயத் தோட்டத்தில் மருந்து அடிப்பவர் கையுறையும் முகமூடியும் போட்டு, வேலை முடிந்ததும் குளித்து உடுப்பை மாற்றவேண்டும். வெதுப்பகத்தில் போறணை முன் நிற்பவருக்கும் வெல்டிங் செய்பவருக்கும் சூட்டிலிருந்து இடைக்கிடை விலகி நிற்கச் சொல்கிறோம்.

நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: நேர்த்தியும் நடக்கட்டும், சோதனையும் நடக்கட்டும், இரண்டுக்கும் இருவரும் போங்கள். மாமியார் கேட்டால் "டொக்டரிட்ட ரெண்டு பேரும் காட்டுறம்" என்று கணவன் வாயால் சொல்லவேண்டும். குறை யார் பக்கம் என்ற விவரம் வீட்டுக் கூடத்துக்கு வரவேண்டியதில்லை. ஆனால் அதை மறைக்க மனைவியின் தலையில் பழியை விடுவது கொடுமை. "மலடி" என்ற சொல்லை அவர் தனியே சுமப்பதைப் பார்த்துக்கொண்டு கணவன் மௌனமாக இருக்கக்கூடாது.

அரசாங்க ஆஸ்பத்திரியை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்கலாம். டொக்டரிடம் காட்டுவதற்கு அதுவே முதல் வழி. செலவில்லை, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் கடிதத்தோடு பெண்ணோயியல் கிளினிக்குக்குப் போகலாம். வெளியே செய்த எஸ்.எஃப்.ஏ. ரிப்போட்டுகளையும் கிளினிக் கொப்பிக்குள் திகதி வரிசையில் வைத்துக் கொண்டுபோங்கள். இக்சிக்குக் கொழும்புக்கோ, பலாலியிலிருந்து ஏறிச் சென்னைக்கோ போகும் நிலை வந்தாலும் இதே கட்டுத்தான் கைகொடுக்கும். அங்கே மனைவிக்கு ஊசி பத்துப் பன்னிரண்டு நாள், கடைசி ஊசிக்கு 34 முதல் 36 மணித்தியாலம் கழித்து முட்டை எடுப்பு, மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருவை வைப்பது. கணவன் கட்டாயம் நிற்கவேண்டியது முட்டை எடுக்கும் நாளில். லீவை அந்த நாளைச் சுற்றி எடுங்கள்.

மூன்றாவது இடத்துக்கும் குறைகள் உண்டு. நாளுக்குச் சிலருக்கே நேரம் தருகிறார்கள், அதுவும் கிழமை நாட்களில் காலையில் மட்டும். தூரத்தில் வேலை செய்பவர் ஒருநாள் லீவு போடவேண்டும். ரிப்போட் முழுதும் ஆங்கிலம். தமிழில் ஒரு விளக்கத் தாள் சேர்த்தால் எவ்வளவு உதவியாக இருக்கும். அன்றைக்கு மாதிரி வராமல் போனால் என்ன செய்வது என்று அவர்களாகச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்கவேண்டும். பதற்றத்தில் வராமல் போவது மிகச் சாதாரணம். அவசரப்படுத்தாமல் இன்னொரு நேரம் தருகிறார்கள்; மனைவி உள்ளே வரலாம்; பக்கத்தில் வீடு இருந்தால் அங்கே எடுத்து வரவும் விடுகிறார்கள். சவர்க்காரம், எச்சில், கிறீம் எதையும் பாவிக்கக்கூடாது. கடையில் விற்கும் சாதாரண ஆணுறையிலும் எடுக்கக்கூடாது, அது அணுவைக் கெடுக்கும்; இதற்கென்று நஞ்சில்லாத ஆணுறை தனியே இருக்கிறது, டொக்டரிடம் கேட்டு எடுக்கலாம்.

நேரம் பதிய போன் எடுக்கும்போது, எடுக்கும் அறை தனியாக இருக்கிறதா, எத்தனை நிமிடத்துக்குள் பார்ப்பீர்கள், வடிவத்தைச் சாயமூட்டி எண்ணுவீர்களா, எந்த ஆண்டின் எல்லைகளை அச்சிடுகிறீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது இடத்தில் போன் எடுப்பவர் நாலுக்கும் பதில் சொல்கிறார். முதலாவது இடத்தில் "வாங்கோ, செய்யலாம்" என்பது மட்டும்தான் பதில்.